முடி நடும் அறுவை: 26 வயதில் செய்துகொள்ளலாமா?

கேள்வி இதுதான்: "எனக்கு 26 வயது. நெற்றியின் இரண்டு பக்கமும் முடி மேலே ஏறிவிட்டது, உச்சியிலும் தோல் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் முழு வழுக்கை. இன்னும் ஐந்து மாதத்தில் எனக்குக் கல்யாணம். ஒரு கிளினிக்கில் 4,500 கிராஃப்ட்டை (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக் கூட்டங்களை) ஒரே நாளில் வைத்துவிடலாம், எஃப்யூஇ-யை விட டிஎச்ஐ (இரண்டும் முடி நடும் முறைகளின் பெயர்கள்) நல்லது என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?"

நான் டாக்டர் இல்லை. 11 வருடமாக முடி நடும் அறுவைகளில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பின்மண்டையிலிருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரிப்பது, எண்ணுவது, டாக்டர் போட்ட துளைகளில் ஒவ்வொன்றாக வைப்பது, இவைதான் என் வேலை. அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன். கல்யாணத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால் இப்போது வேண்டாம் தம்பி. பிறகு செய்வதானாலும் 4,500 வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்த அறுவையில் புது முடி எதுவும் உருவாவதில்லை. இருக்கும் முடி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆண்களின் பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்ற ஹார்மோன் முன்மண்டையிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. கனமான முடி மெலிந்து பூனைமுடியாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. காதுக்கு மேலேயும் பிடரிப் பக்கமும் உள்ள வேர்க்கால்கள் இந்த ஹார்மோனுக்குப் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. முழு வழுக்கை விழுந்த தாத்தாக்களுக்கும் பின்னால் ஒரு பட்டை முடி நிற்பது அதனால்தான். அந்த முடியை எடுத்து முன்னால் வைத்தாலும் அது பிடரி முடியாகவே நடந்துகொள்ளும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் ஆண் வழுக்கைக்கு 1952இல் முதன்முதலாக இதைச் செய்து, 1959இல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1939இல், ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் தீக்காயத்தால் முடி போன இடங்களில் வட்டக் கத்தியால் முடியோடு தோலை எடுத்து நட்டிருக்கிறார். உலகப் போர்க் காலம், கட்டுரையும் ஜப்பானிய மொழியில். மேற்கு நாடுகளில் வெகுநாள் யாருக்கும் அது தெரியவில்லை.

ஓரென்ட்ரைக் காலத்தில் ஒரு துண்டு 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதில் பத்து இருபது முடி கொத்தாக நிற்கும். பொம்மைத் தலையில் முடி குத்தியதுபோல் இருந்த பழைய வேலைகள் எல்லாம் அந்த வகை. முடி இயற்கையில் ஒன்று, இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு என்று சிறு சிறு கூட்டமாகத்தான் முளைக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கலைக்காமல் அப்படியே பிரித்து நட்டால் இயற்கையாக இருக்கும் என்பது பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த பாபி லிம்மர் 1980களின் கடைசியில் மைக்ராஸ்கோப் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார். இன்று நாம் கிராஃப்ட் என்று சொல்வது அந்தச் சின்னக் கூட்டத்தைத்தான்.

ஒரு கிராஃப்ட்டைப் பக்கத்தில் பார்த்தால் வெங்காயத் தாளை வேரோடு பிடுங்கிச் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குச் சுருக்கியதுபோல் இருக்கும். கீழே வெள்ளைக் குமிழ், அதைச் சுற்றி மெல்லிய கொழுப்பு, மேலே கறுப்புத் தண்டு. குமிழ் நசுங்கினால் போச்சு. தண்டைக் குறுக்கே வெட்டிவிட்டாலும் பெரும்பாலும் போச்சு. எல்லாவற்றையும்விட அதற்கு ஆகாதது வறட்சி. குளிர்ந்த சலைன் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். ஏசி அறையில் கையுறை மேல் சில நிமிடம் விட்டால் பளபளப்பு போய் மங்கிவிடும். உடம்பை விட்டு வெளியே இருக்கும் நேரம் கூடக் கூடப் பிழைப்பது குறையும். அதனால் ஒரே நாளில் 4,500 என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, மேஜையில் எத்தனை பேர் இருப்பார்கள், கடைசி 1,000 கிராஃப்ட் எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடக்கும் என்பதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். இதைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 70, 80 கிராஃப்ட் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். நல்ல அடர்த்தி உள்ளவருக்கே வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஐயாயிரம், ஆறாயிரம்தான் பாதுகாப்பாக எடுக்க முடியும். பலருக்கு அவ்வளவு கூடக் கிடையாது. இப்போது செலவுப் பக்கம். உங்கள் அப்பாவைப்போல முன்னாலிருந்து உச்சி வரை போனால் வெற்றிடம் 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். கண்ணுக்குப் போதுமான அடர்த்தி வேண்டுமென்றால் சதுர சென்டிமீட்டருக்கு 40 என்று வைத்தாலும் 8,000 ஆகிறது. இருப்பு ஐயாயிரம், தேவை எட்டாயிரம். யாருடைய கையில் எந்தக் கருவி இருந்தாலும் இந்தப் பற்றாக்குறை தீராது. நாற்றங்காலில் மறுபடி விதைத்துக்கொள்ளலாம்; பிடரியில் அது நடக்காது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

உங்களுக்கு 26 வயது. இன்று காலியாக இருப்பது நெற்றி ஓரங்களும் உச்சியில் கொஞ்சமும். இதற்கு இன்றைக்கே 4,500ஐக் கொட்டிவிட்டால், நாற்பது வயதில், இப்போது நட்டதற்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கிற உங்கள் சொந்த முடி போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. நட்ட முடி உதிராமல் அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் வெறும் இடம், அதற்கும் பின்னால் எடுத்து எடுத்து மெலிந்துபோன பிடரி. இப்படி ஒருவரை நான் பார்த்தேன். 23 வயதில் வேறெங்கோ செய்துகொண்டவர், எங்களிடம் வரும்போது 34. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு இருப்பதுபோல நெற்றியில் தாழ்வாக ஒரே நேர்கோட்டில் முடி வரிசை. அதற்குப் பின்னால் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. பின்னால் திருப்பிப் பார்த்தால் அந்துப்பூச்சி அரித்த கம்பளிபோல் திட்டுத் திட்டாகத் தோல். அவருக்கு டாக்டர் செய்ய முடிந்தது, அந்த முன்வரிசையிலிருந்தே ஒரு பகுதியை எடுத்துப் பின்னால் மாற்றி வைத்தது மட்டும்தான். அன்று பிரித்த கிராஃப்ட்டுகளை எண்ணும்போது எனக்கு மனசே சரியில்லை.

இனி முறைகள். பெயர்கள் பல இருந்தாலும் பின்மண்டையிலிருந்து எடுக்கும் வழி இரண்டுதான். எஃப்யூடி என்பது பிடரியில் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக ஒரு தோல் பட்டையை எடுத்து, தையல் போட்டு மூடி, அந்தப் பட்டையை மைக்ராஸ்கோப்பில் பிரிப்பது. கோடாக ஒரு தழும்பு விழும். மேலே முடி வளர்ந்திருந்தால் தெரியாது. எஃப்யூஇ என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பஞ்ச்சால் (குழாய் போன்ற வட்டக் கத்தியால்) ஒவ்வொரு கிராஃப்ட்டையும் சுற்றி வெட்டித் தனித்தனியாக உருவுவது. தையல் இல்லை. புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கும். தழும்பே இல்லை என்று விளம்பரத்தில் வந்தால் நம்ப வேண்டாம். டிஎச்ஐ என்பதில் எடுப்பது எஃப்யூஇ முறையில்தான். வைப்பது மட்டும் பேனா போன்ற ஒரு கருவியால். தென்கொரியாவில் வந்த சோய் பேனாதான் அதற்கு மூலம். பழகிய கைக்கு அது நல்ல கருவி. ஆனால் எஃப்யூஇ-யை விட டிஎச்ஐ நல்லது என்பது, பறிப்பதை விட நடுவது நல்லது என்பதுபோல. விளம்பரத்தில் வரும் சஃபையர் (நீலக்கல்) என்பது துளை போடும் கத்தியின் பொருள். ரோபோ என்பது பஞ்ச் போடும் கைக்குப் பதில் ஓர் இயந்திரம். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

எது உங்களுக்கு? முடியை ஒட்ட வெட்டும் பழக்கம் இருந்தால் எஃப்யூஇ. பழனிக்கோ திருப்பதிக்கோ மொட்டை போடும் வழக்கம் வீட்டில் இருந்தாலும் எஃப்யூஇ-தான் என்பேன். மொட்டைத் தலையில் அந்தக் கோடு காது முதல் காது வரை தெரியும், பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதைப் பல கிளினிக்குகளில் கேட்பதே இல்லை. நட்ட பிறகு மொட்டை போடலாமா என்று நிறைய பேர் பயந்து பயந்து கேட்பார்கள். ஒரு வருடம் போய் முடி நன்றாக ஊன்றிய பிறகு தாராளமாகப் போடலாம், சவரக் கத்தி வேர் வரைக்கும் போவதில்லை. எப்போதும் முடியை நீளமாக வைத்திருப்பவர், அதிக எண்ணிக்கை தேவைப்படுபவர் என்றால் எஃப்யூடி இன்றைக்கும் நல்ல முறைதான். பட்டையாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பிரிக்கும்போது குறுக்கே வெட்டுப்படுவது குறைவு. எஃப்யூஇ-யில் பஞ்ச் தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குகிறது. முடி தோலுக்குள் சாய்ந்தும் வளைந்தும் இருக்கும். கை கொஞ்சம் பிசகினால் கிராஃப்ட் பாதியாக வெளியே வரும். நல்ல கை, அவசரப்படாத கை என்பது எஃப்யூஇ-யில் இன்னும் முக்கியம்.

நெற்றி வரிசை பற்றி ஒரு வார்த்தை. முன்னால் ஒற்றை முடிக் கிராஃப்ட்டுகள் மட்டும், பின்னால் போகப் போக இரண்டும் மூன்றும். கோடு போட்டதுபோல் நேராக இருக்கக்கூடாது, கொஞ்சம் கலைந்தும் ஏறியிறங்கியும் இருக்க வேண்டும். முடி முன்பக்கம் சாய்ந்து படுத்தவாக்கில் வர வேண்டும். நிமிர்ந்து நின்றால் பத்தடி தள்ளியே தெரிந்துவிடும். நம் ஆட்களுக்கு முடி கனமாக இருப்பது ஒரு சாதகம், குறைந்த எண்ணிக்கையிலேயே மூடும். தலைத் தோல் வெளுத்திருந்து முடி கருகருவென்று இருப்பவர்களுக்கு மட்டும் இடைவெளி எடுப்பாகத் தெரியும். உச்சிச் சுழி இருக்கிறதே, அது கிராஃப்ட்டை விழுங்கும் இடம். சுழியிலிருந்து முடி எல்லாப் பக்கமும் விரிவதால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மூடாது. எவ்வளவு வைத்தாலும் போதாது. இளம் வயதில் உச்சியைத் தொடாமல் முன்பக்கம் மட்டும் செய்யும் டாக்டர் உங்களை ஏமாற்றவில்லை, பின்னாளுக்குச் சேர்த்து வைக்கிறார்.

அறுவைக்கு முன்னால் மருந்து. மினாக்ஸிடில் தலையில் தடவுவது, ஃபினாஸ்டரைடு ஒரு மில்லிகிராம் மாத்திரை. ஃபினாஸ்டரைடு டிஎச்டி-யைக் குறைத்து, இருக்கிற முடியைக் காப்பாற்றுகிறது. தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற பக்கவிளைவு சிலருக்கு வருவது உண்மை. கல்யாணம் ஆகப் போகிறவர் என்பதால் தோல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மனச்சோர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம், பயந்து நிறுத்தாதீர்கள். இந்த மருந்துகளை விட்டால் அவை காத்த முடியும் போகும், அதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். மருந்தே இல்லாமல் 26 வயதில் நட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். ஒரு வருடம் மருந்து போட்டு உதிர்வு நின்றதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அறுவையைப் பற்றிப் பேசும் டாக்டரை நான் நம்புவேன்.

வழுக்கை எல்லாமே ஒன்றல்ல. காசு அளவுக்கு வட்ட வட்டமாக முடி போவது, அதாவது புழுவெட்டு, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவதால் வருவது. அங்கே நட்டால் நட்டதையும் தாக்கும். தோலில் அழற்சி வந்து வேரையே தழும்பாக்கும் நோய்கள் உண்டு. அவை முழுதாக அடங்கி ஓரிரு வருடமாவது ஆக வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் முடி பரவலாக மெலிகிறது, சிலருக்குப் பின்மண்டையும் சேர்ந்து. எடுக்க உறுதியான இடம் இல்லாதபோது நடுவதில் பயனில்லை. அவர்கள் முதலில் தைராய்டு, இரும்புச் சத்து, ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பின் அளவு) பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்துக் கட்டிய சடையால் நெற்றி ஓரம் காலியான பெண்களுக்கு மட்டும், அந்தப் பழக்கத்தை விட்ட பிறகு, நடுவது அழகாக வரும். எங்கள் மேஜையில் மனசுக்கு நிறைவான வேலைகளில் அது ஒன்று. தீக்காயம், விபத்துத் தழும்பு உள்ளவர்களுக்கு வேறு வழியும் உண்டு. முடியுள்ள தோலுக்கு அடியில் ஒரு சிலிகான் பையை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலைன் ஏற்றித் தோலை விரித்து, அந்தத் தோலை இழுத்துத் தழும்பை மூடுவார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் செய்யும் வேலை. வழுக்கைத் தோலை வெட்டி எடுத்து இரு பக்கத்தையும் இழுத்துத் தைப்பது எழுபது எண்பதுகளில் நடந்தது, ஆண் வழுக்கைக்கு இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை. முடியை ஆய்வகத்தில் பெருக்கி நடுவது இன்னும் சிகிச்சையாக வரவில்லை. அப்படி விற்கிறவர்களிடம் போகாதீர்கள்.

இதைச் செய்வது யார் என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே டெக்னீஷியன். எங்களால் நன்றாகப் பிரிக்க முடியும், நன்றாக வைக்க முடியும். ஆனால் மரப்பு ஊசி போடுவது, தோலை வெட்டுவது, துளை போடுவது, திட்டம் வரைவது எல்லாம் டாக்டர் செய்ய வேண்டியவை. மரப்பு மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு. தலை முழுக்கப் போடும்போது அதை மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடம் மாறலாம். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்றவர்கள், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்கள், அறுவை அனுபவம் உள்ள தோல் மருத்துவர்கள் ஆகியோர்தான் இதைச் செய்யலாம். யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது போதாது என்று அதில் சொல்லியிருக்கிறது. பல இடங்களில் டாக்டர் பெயர் பலகையில் இருக்கும், ஆள் பத்து நிமிடம் வந்து போவார். அதனால் நேராகக் கேளுங்கள்: என் தலையில் துளை போடுவது யார்? அன்று இன்னும் எத்தனை பேருக்கு அவர் செய்கிறார்? ஆக்சிஜனும் அவசர மருந்தும் அதே அறையில் இருக்கிறதா? எடுத்த கிராஃப்ட்டில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை என்று எழுதித் தருவார்களா? நாங்கள் எழுதித்தான் தருகிறோம், தட்டில் பத்துப் பத்தாக வரிசை வைத்து எண்ணுவதால் அது ஒன்றும் கஷ்டமில்லை. ரேட் பேசும்போது ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள். அழகுக்காகச் செய்வதற்கு வரிவிலக்கு இல்லை, 18 சதவீதம் பில்லில் ஏறும்.

இப்போது உங்கள் கல்யாண நாட்காட்டி. அறுவை முடிந்து மூன்றாம் நான்காம் நாள் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கலாம். அது தானாக வடியும். ஒரு வாரம் பத்து நாளில் பொருக்குகள் உதிரும். அதுவரை ஹெல்மெட் கூடாது, பைக்கில் வேலைக்குப் போகிறவர் இதை முன்னாலேயே யோசிக்க வேண்டும். இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பாலானது உதிர்ந்துவிடும். வேர் உள்ளேதான் இருக்கும், ஆனால் பார்ப்பதற்கு அறுவைக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாக இருக்கும். பக்கத்தில் உள்ள சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரலாம். மூன்று நான்கு மாதத்தில்தான் புது முடி மெல்லிசாக, சிலருக்குச் சுருண்டு, எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு இன்னும் சில மாதம். ஆக, ஐந்தாம் மாதம் மணமேடையில் உட்காரும்போது உங்கள் தலையில் அரைகுறையாக முளைத்ததுதான் இருக்கும், ஆல்பத்திலும் அதுதான் நிற்கும்.

அதனால் இந்த வாரம் தோல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) பின்மண்டை அடர்த்தியை அளந்து எழுதி வாங்குங்கள், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மருந்து தொடங்கினால் இன்றைக்கே நெற்றி, உச்சி, பிடரி மூன்றையும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுங்கள். கல்யாணத்துக்கு நல்ல சலூனில் பக்கங்களை ஒட்ட வெட்டி மேலே கொஞ்சம் விட்டால் நெற்றி ஓரம் அவ்வளவாக எடுப்பாகத் தெரியாது. வேண்டுமென்றால் உச்சிக்குக் கறுப்பு ஃபைபர் பொடி தூவிக்கொள்ளலாம், வேர்த்தால் ஓடாத வகையா என்று முன்கூட்டியே ஒரு நாள் தூவிப் பாருங்கள். பெண் வீட்டாரிடம் வழுக்கை விஷயத்தை மறைக்கவும் வேண்டாம், அப்பாவைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் கழித்து உதிர்வு நின்றிருந்தால், முன்பக்கத்துக்கு மட்டும் 1,500லிருந்து 2,000க்குள் ஒரு திட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்போது அந்த அளவுத் தாளையும் படங்களையும் கூடவே எடுத்துப் போங்கள்.